பிரெத்தோன் இயற்பெயர்களின் பொருளும் பிறப்பும்: ஒரு பெயரைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், பள்ளித் தோழர்களைப் பற்றிப் பேசும்போது யான், லோயிக், மாயெல், நோல்வென், எர்வான் என்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும். கேட்பவர்கள் இவற்றைப் பிரெஞ்சுப் பெயர்கள் என்றே எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் இவை பிரான்ஸின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரெத்தாஞ் தீபகற்பத்துக்கு உரியவை. அங்கே பேசப்படும் பிரெத்தோன் மொழி, பிரெஞ்சைப் போல லத்தீனில் பிறந்ததன்று. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து குடியேறிய மக்கள் கொண்டுவந்த கெல்திய மொழி அது. வெல்ஷ், கார்னிஷ் மொழிகளுக்கு உடன்பிறப்பு.

இப்பெயர்களுக்குப் பொருள் தேடுவோர் பெரும்பாலும் குழந்தைப் பெயர்ப் பட்டியல்களைத்தான் புரட்டுகிறார்கள். அவை ஒரு பெயருக்கு ஒரே ஒரு பொருளை எழுதி, அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. நம் இலக்கணத்தில் காரணப் பெயர், இடுகுறிப் பெயர் என்று பிரித்துப் பழகிய நமக்கு அந்த அவசரம் ஒவ்வாது. பட்டியலை நம்புவதைவிடப் பெயரையே பிரித்துப் பார்க்கக் கற்பது நல்லது. அதற்கான படிகள் கீழே உள்ளன. மூன்றாம் படிதான் இவற்றில் முக்கியமானது. அதில் நிதானமாக நிற்க வேண்டும்.

முதல் படி: பிரெஞ்சு உடுப்பைக் கழற்றுதல்

பல நூற்றாண்டுகளாகப் பதிவேடுகளை எழுதியவர்கள் லத்தீனும் பிரெஞ்சும் படித்த குருமார்களும் எழுத்தர்களும் ஆவர். ஆகவே நாம் இன்று காணும் வடிவம் பெரும்பாலும் அவர்கள் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறைப்படி எழுதிய வடிவமே. கெனோலே என்று பிரெஞ்சில் எழுதப்படுவது பிரெத்தோனில் க்வெனோலே. கொரந்தான் என்பது அங்கே கவுரின்தின். பிரியூக் என்பது பிரியெக். அலேன் என்பது அலான். சொல் தொடக்கத்தில் பிரெஞ்சு வெறும் ககர ஒலியாகக் காட்டுமிடத்தில் பிரெத்தோனில் 'க்வ' என்ற இணையொலி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த ஒரு திருத்தமே பாதிப் பெயர்களைத் திறந்துவிடும். அழுத்தமும் மாறும்: பிரெஞ்சு கடைசி அசையில் அழுத்துகிறது, பிரெத்தோனின் பெரும்பாலான வட்டாரங்கள் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்துகின்றன. வான் என்ற நகரத்தை ஒட்டிய வட்டாரப் பேச்சு மட்டும் இதற்கு விலக்கு.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. 1941-இல் உருவான ஒருங்கிணைந்த எழுத்துமுறையில் இசட், எச் என்ற இரு எழுத்துகளையும் சேர்த்து எழுதும் வழக்கம் புகுந்தது. மற்ற வட்டாரங்கள் 'ஸ' என்று ஒலிப்பதை வான் பகுதியினர் 'ஹ' என்று ஒலிப்பதால், இருவருக்கும் பொதுவாக இரண்டையும் எழுதி வைத்தார்கள். மத்தேயு என்ற பெயர் ஓரிடத்தில் மாஸே எனவும் வேறோரிடத்தில் மாஹே எனவும் வழங்குவதன் காரணம் இவ்வொலி வேறுபாடே. இந்த மாஹே நமக்கு முற்றிலும் அந்நியமும் அன்று. 1699-இல் பிரெத்தாஞ்சின் சான் மாலோ துறைமுகத்தில் பிறந்து, 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த லபூர்தொனேயின் முழுப்பெயர் பெர்த்ரான் பிரான்சுவா மாஹே த லா பூர்தொனே. புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாஹே ஊரின் பெயர் இவரால் வந்ததா, மய்யழி என்ற உள்ளூர்ப் பெயர் பிரெஞ்சு வாயில் அப்படித் திரிந்ததா என்ற வாதம் இன்றும் உண்டு. அதே மாஹே இப்போது பிரான்ஸில் ஆண் குழந்தைகளுக்கு விரும்பி இடப்படும் பெயராகவும் இருக்கிறது.

இரண்டாம் படி: எந்தக் குவியல் என்று தீர்மானித்தல்

பிரெத்தோன் பெயர்கள் நான்கு குவியல்களில் அடங்கும். பழங்கெல்தியச் சொற்கள் இரண்டைச் சேர்த்து ஆக்கிய வீரப் பெயர்கள் முதல் குவியல். அந்நிலத்துப் புனிதர்களின் பெயர்கள் இரண்டாவது. இவற்றுள் பல முதல் குவியலிலிருந்தே வந்தவை, சில அயர்லாந்திலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்தவை. எபிரேயம், கிரேக்கம், லத்தீன், செருமானியம் ஆகியவற்றிலிருந்து வந்து பிரெத்தோன் ஒலியில் ஊறிப்போன கிறித்தவப் பெயர்கள் மூன்றாவது. இருபதாம் நூற்றாண்டில் பிரெத்தோன் அகராதிச் சொற்களை எடுத்து நேரடியாகப் பெயராக்கியவை நான்காவது. குவியலைத் தெரிந்துகொள்ளாமல் பொருள் தேடினால், யான் என்ற பெயருக்குக் கெல்திய வேர் தேடுவது போன்ற வீண்வேலையில் முடியும், அது யோவான்தான்.

மூன்றாம் படி: கூட்டுப்பெயரை அறுத்தல்

முதல் குவியலில் சில உறுப்புகள் திரும்பத் திரும்ப வரும். க்வென் என்றால் வெண்மை. அதனோடு தூய்மை, ஆசி பெற்ற நிலை என்ற பொருள்களும் சேரும். ஹாயெல் என்றால் வள்ளல், பெருந்தன்மையாளர். மாயெல் என்றால் தலைவன், இளவரசன். ஆர்ஸ் கரடி, கி நாய், தான் நெருப்பு, ஹுவார்ன் இரும்பு, தூத் மக்கள், ரி அரசன், காத் போர், பூத் வெற்றி. நாய் என்பது வசையாயிற்றே என்று நாம் தயங்கக்கூடும். பழங்கெல்தியரிடம் வேட்டை நாய் போர்வீரனுக்கான புகழுரை. கொனான் என்ற பெயரும் அந்த நாயிலிருந்து வந்ததே.

இனி அறுத்துப் பார்க்கலாம். க்வெனாயெல் என்பது க்வென், ஹாயெல் என்ற இரண்டின் சேர்க்கை: தூய வள்ளல். துக்துவால் என்ற பெயரின் பழைய வடிவம் தூத்குவால். மக்கள் என்ற சொல்லும் வீரம் என்ற சொல்லும் இணைந்தது. ஆர்மெல் என்பது ஆர்ஸின் பழைய வடிவமான ஆர்த், மாயெல் இரண்டும் இறுகியது: கரடித் தலைவன்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கூட்டுச்சொல்லின் இரண்டாம் உறுப்பில் முதல் மெய் மெலிந்துவிடும் என்பது பிரெத்தோனின் அடிப்படை விதி. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி படித்த தமிழ் வாசகருக்கு இது எளிது. க்வென் இரண்டாமிடத்தில் வந்தால் ககரம் கெட்டு 'வென்' மட்டும் நிற்கும்: மரியா என்பதன் சுருக்கமான மாய் என்பதோடு சேர்ந்தால் மாய்வென். மாயெல் இரண்டாமிடத்தில் 'வாயெல்' எனத் திரியும்: க்வென்வாயெல். தால் என்றால் நெற்றி. அது க்வென்னோடு சேர்ந்தால் க்வெந்தால், வெண்ணெற்றியன். அதன் தகரம் வல்லொலியாக நில்லாமல், 'பந்தல்' என்று சொல்லும்போது நம் வாயில் வரும் மெல்லொலியாகிவிடுகிறது. தான், கி இரண்டும் சேர்ந்த தாங்கி என்ற பெயரிலும் அப்படியே. அதன் ககரம் 'பங்கு' என்பதில் ஒலிக்கும் ககரம். பிரெத்தோன்காரர்கள் எழுத்தையே மாற்றி எழுதுகிறார்கள். நாம் எழுத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றுகிறோம். விதி ஏறத்தாழ ஒன்றே.

தாங்கி என்றால் நெருப்பு நாய், அதாவது கனல்வீரன். பிரெஞ்சு வடிவம் தாங்கீ. இப்படிப்பட்ட பெயருக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்: 2001-இல் இந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த ஒரு நகைச்சுவைப் படத்தின் நாயகன், இருபத்தெட்டு வயதாகியும் பெற்றோர் வீட்டை விட்டு நகராதவன். அதன்பின் பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் 'ஒரு தாங்கீ' என்றாலே வீட்டோடு ஒட்டிக்கொண்ட வளர்ந்த பிள்ளை என்று பொருளாகிவிட்டது.

பெண்பெயர்களின் ஈற்றில் ஒரு கண்ணி உண்டு. நோல்வென், ரோஸென், ஸ்தெரென் மூன்றும் ஒரே போல முடிவதாகத் தோன்றும். முதலாவதில் இருப்பது க்வென் என்ற தனிச்சொல். மற்ற இரண்டிலும் இருப்பது 'என்' என்ற ஒருமை விகுதி: ரோஸ் என்றால் ரோஜாக்கள் என்ற தொகுதி, ரோஸென் என்றால் அதிலிருந்து எடுத்த ஒரே ஒரு ரோஜா. ஸ்தெரென் விண்மீன். ஆகவே ரோஸென்னுக்கு 'வெண்ரோஜா' என்று பொருள் எழுதினால் அது பிழை. வெண்மை அங்கே எங்கும் இல்லை.

நான்காம் படி: எழுத்தில் உள்ள மிகப் பழைய வடிவத்தைத் தேடுதல்

பிரித்ததை உறுதிசெய்யச் சான்று வேண்டும். நம் பெயராய்வுக்குக் கல்வெட்டுகள் எப்படியோ, பிரெத்தோன் பெயராய்வுக்கு ரெதோன் மடாலயத்தின் சாசனத் தொகுப்பு அப்படி. கொன்வொயொன் என்ற துறவி 832-இல் நிறுவிய அந்த மடத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், சாட்சி நின்றவர்கள், எல்லை காட்டியவர்கள் என்று 9-ஆம் நூற்றாண்டு உழவர்களும் சிற்றரசர்களும் அதில் வரிசையாக நிற்கிறார்கள். சாசனம் லத்தீனில் இருக்கும். பெயர்கள் மட்டும் பச்சைப் பிரெத்தோன். காத்வோரெத், ரிவாலோன், யார்ன்ஹிதின் போன்றவை அதில் வருகின்றன. காத்வோரெத் போரில் காப்பவன். யார்ன்ஹிதினின் முதலுறுப்பு இரும்பு. இந்த யார்ன்ஹிதின் ஒரு 'மாக்தியெர்ன்', அதாவது ஊர்த் தலைவன். அந்தப் பட்டப்பெயரில் வரும் 'மாக்' என்ற சொல்லுக்குப் பிணை, உறுதிமொழி என்று பொருள். சான் மாலோ நகரத்துக்குப் பெயர் தந்த புனித மாலோவின் பழைய வடிவமான மாக்லூவிலும் அதே 'மாக்' இருக்கிறது, பின்னுறுப்பு ஒளி.

சாசனத்தைப் பார்க்க முடியாதவர்கள் குடும்பப் பெயர்களைப் பார்க்கலாம். இயற்பெயராக வழக்கொழிந்தவை அங்கே உயிரோடு இருக்கின்றன. காத்வோரெத் இன்று கதோரே என்ற குடும்பப் பெயர். 7-ஆம் நூற்றாண்டில் பிராங்கு மன்னன் தகோபெர்த்தைச் சந்தித்து உடன்பாடு செய்துகொண்ட அரசன் யூதிகாயெல். போர்த்தலைவன், வள்ளல் என்ற இரண்டின் கூட்டு அவன் பெயர். அது ழெஸெக்கெல், ழிக்கெல் என்ற குடும்பப் பெயர்களாகத் தேய்ந்து பிரெத்தாஞ் எங்கும் கிடக்கிறது.

ஊர்ப்பெயர்களும் உதவும். ப்லூ என்றால் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி, லான் என்றால் புனித இடம் அல்லது மடம், லோக் என்றால் புனிதருக்கு உரிய தலம். கிழக்கே உள்ள ப்லோயெர்மெல், மேற்குக் கடற்கரையில் உள்ள ப்லுவார்ஸெல் இரண்டுமே ஆர்மெலின் பங்குகள்தாம். பிரெஞ்சுச் சாயல் கூடிய கிழக்கில் பெயர் ஒருவிதமாகவும் பிரெத்தோன் பேசும் மேற்கில் வேறுவிதமாகவும் தேய்ந்ததை அவ்விரண்டு ஊர்களையும் அடுத்தடுத்து வைத்தால் கண்ணால் காணலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது லாந்தெவென்னெக். அங்கே மடம் நிறுவியவர் க்வெனோலே. 9-ஆம் நூற்றாண்டில் அதே மடத்தின் தலைவர் வுர்திஸ்தென் எழுதிய வரலாற்றில் அவர் பெயர் வின்வாலோயே: தூயவன், வீரன் என்ற இரண்டு உறுப்புகள். ஊர்ப்பெயரில் இந்தப் பெயர் எங்கே என்று தேடினால் முதலில் கிடைக்காது. லான் என்ற தலப்பெயர், 'தோ' என்ற அன்புமுன்னொட்டு, வின் என்ற பெயர்ச்சுருக்கம், 'ஒக்' என்ற செல்லவிகுதி நான்கையும் சேர்த்தால் 'லான்-தோ-வின்-ஒக்' வருகிறது. 'நம் செல்ல வின்னின் மடம்' என்பதுதான் பொருள். முழுப்பெயரை எழுதாமல், சீடர்கள் வாய்நிறைய அழைத்த பெயரை ஊருக்கு வைத்துவிட்டார்கள்.

ஐந்தாம் படி: கதையையும் வேரையும் பிரித்து வைத்தல்

பிரெத்தோன் புனிதர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். உரோமை முறைப்படி புனிதர் பட்டம் பெற்றவர்கள் அவர்களில் மிகச் சிலரே. மக்கள் வழிபாட்டால் புனிதரானவர்கள் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும், அந்தக் கதை பெயருக்கும் ஒரு விளக்கம் சொல்லும். அதை நம்பிவிடக் கூடாது. தூக்கி எறியவும் கூடாது.

பூதோக் என்பவரின் கதை நல்ல எடுத்துக்காட்டு. பொய்ப்பழி சுமத்தப்பட்ட இளவரசி அஸெனோரைப் பீப்பாயில் அடைத்துக் கடலில் விடுகிறார்கள். அலைமேல் மிதக்கும் அந்தப் பீப்பாய்க்குள் பிறந்த குழந்தை பூதோக். பிரெத்தோனில் மூழ்குதலைக் குறிக்கும் சொல் ஒலியில் இதற்கு நெருக்கமாக இருப்பதால், 'நீரில் மூழ்காமல் தப்பியவன்' என்று விளக்கம் பிறந்தது. உண்மையான வேர் வெற்றி என்ற பொருள் தரும் பூத். கதையிலிருந்து பெயர் வரவில்லை. பெயரின் ஒலி கதைக்கு வழிவிட்டது.

ரோனான் அயர்லாந்திலிருந்து வந்தவர்; பெயரும் ஐரியமே. கடல்நாயைக் குறிக்கும் 'ரோன்' என்ற சொல்லோடு குறுமை விகுதி சேர்ந்து 'சிறு கடல்நாய்' ஆயிற்று. அவர் பெயரால் அமைந்த லோக்ரோனான் ஊரில் ஆறாண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சுற்றிவரும் பெரிய ஊர்வலம் இன்றும் நடக்கிறது. நம் கிரிவலத்தை ஒத்த அந்தச் சுற்றுக்கு த்ரோமெனி என்று பெயர். புனித நிலத்தைச் சுற்றுதல் என்று பொருள்.

நோல்வென் விஷயத்தில் ஓட்டம் தலைகீழ். நோயால் என்று பல ஊர்கள் உள்ளன. அது 'புதிதாகத் திருத்திய நிலம்' என்று பொருள்படும் பழைய ஊர்ப்பெயர். அங்கே வணங்கப்படும் கன்னிப் புனிதை, இலைமேல் அமர்ந்து கடல் கடந்து வந்து, தலை வெட்டப்பட்ட பின்னும் அதைக் கையில் ஏந்தி நடந்தவள் என்பது கதை. அவள் பெயரான நோல்வென் 'நோயாலின் தூயவள்' என்று விரியும். அதாவது ஆளிலிருந்து ஊருக்குப் போகாமல் ஊரிலிருந்து ஆளுக்கு வந்த பெயர். 2002-இல் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப்போட்டியில் வென்ற நோல்வென் லெருவா வழியாக இப்பெயர் பிரான்ஸ் முழுவதும் தெரிய வந்தது.

ஏர்வே என்ற பெயரில் அறிஞர்களே இரண்டாகப் பிரிகிறார்கள். பழைய ஹேர்வியூ என்ற வடிவத்தைக் கொண்டு 'போருக்குத் தகுந்தவன்' என்பாரும், இரும்பு என்ற சொல்லைத் தேடுவாரும் உண்டு. பார்வையற்ற பாணரான புனித ஏர்வேயைச் சிலைகளில் ஓநாயோடுதான் காட்டுவார்கள். அவருடைய உழவு விலங்கைத் தின்ற ஓநாய், தண்டனையாக அதன் வேலையைத் தானே செய்ததாம். 1066-இல் நார்மானிய வில்லியமோடு இங்கிலாந்து போன பிரெத்தோன் வீரர்கள் கொண்டுசென்ற இப்பெயர்தான் அங்கே ஹார்வி ஆயிற்று.

ஆறாம் படி: வந்த பெயரா என்று பார்த்தல்

மூன்றாம் குவியலில் வேலை குறைவு. பெர் என்பது பேதுரு, ஜாக்கெஸ் யாக்கோபு, கத்தெல் கத்தரீனா, அஸிலிஸ் செசிலியா, சோவாஸ் பிரான்சுவாஸ். இவற்றோடு 'இக்' என்ற செல்லவிகுதி சேர்ந்தால் சின்ன யானான யானிக், சின்னச் சோவாஸான சோவாஸிக், அன்னாவின் அன்னாயிக் எல்லாம் வரும். பிரெஞ்சு யான்னிக் இந்த யானிக்தான்.

பிரெத்தோன் அடையாளத்தையே தாங்கி நிற்கும் எர்வான் என்ற பெயர் கெல்தியப் பெயரன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அது ஈவ் என்பதன் பிரெத்தோன் வடிவம். ஈவ் என்பது யூ மரத்தைக் குறிக்கும் செருமானியச் சொல். 1253 முதல் 1303 வரை வாழ்ந்து, ஏழைகளுக்காக வழக்காடிப் புகழ்பெற்று, 1347-இல் புனிதரான த்ரெகியேவின் ஈவ் ஏலோரியால்தான் இப்பெயர் பிரெத்தாஞ்சில் வேரூன்றியது. அவர் வழக்கறிஞர்களின் காவலர். மே 19 அவர் திருநாள். எர்வான், யூவென், ஏயோஸென் என ஒரே பெயர் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுவேறு முகம் காட்டும். அந்நியப் பெயர் என்பதற்காக இதைப் 'போலிப் பிரெத்தோன்' என்று ஒதுக்குவோரின் கருத்தை நான் ஏற்பதில்லை. எழுநூறு ஆண்டு வாய்வழக்கும் ஒரு பிறப்புரிமைதான்.

ஏழாம் படி: சட்டத்தின் வயதைக் கணக்கில் எடுத்தல்

1803 ஏப்ரல் 1-இல் வந்த பிரெஞ்சுச் சட்டம், நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டைய வரலாற்று மனிதர்களின் பெயர்களையும் மட்டுமே குழந்தைகளுக்கு இட அனுமதித்தது. வீட்டில் யான் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் ழான் ஆக இருந்தது இதனால்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற ஒரு குடும்பம், பிரெத்தோன் பெயர்களே வைப்போம் என்று உறுதியாக நின்றதால், அவர்களுள் சிலர் பல ஆண்டுகள் அரசுப் பதிவேட்டில் இல்லாதவர்களாகவே வளர நேர்ந்தது. குடும்ப உதவித்தொகையும் கிடைக்கவில்லை. 1966-இல் வந்த அரசு அறிவுறுத்தல் வட்டாரப் பெயர்களுக்குச் சற்றே இடம்விட்டது. 1993 ஜனவரி 8-ஆம் நாள் சட்டம்தான் பெற்றோருக்குப் பெயர்ச் சுதந்திரம் தந்தது. ஆகையால் அகராதிச் சொல்லை அப்படியே எடுத்த பெயரைப் பதிவேட்டில் கண்டால், அது பெரும்பாலும் இந்தக் காலத்தை ஒட்டிய புதுப்பெயர் என்று கொள்ளலாம். மாயெல் பழைய சொல். மாயெல்லா என்றும், ஒலி மாறாமல் பிரெஞ்சு எழுத்தில் மட்டும் ஈறு நீண்ட மாயெல் என்றும் பெண்பாலுக்கு ஆக்கியவை அண்மைக்காலத்தவை.

எழுத்தின் சண்டை அதன்பிறகும் ஓயவில்லை. பிரான்சுவாவின் பிரெத்தோன் வடிவம் ஃபாஞ்ச். எழுதும்போது நகர எழுத்தின் தலையில் ஓர் அலைக்கோடு வரும். முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்கு என்பதற்கான குறி அது. 2017-இல் கெம்பேர் நகரில் பிறந்த ஒரு குழந்தைக்கு இப்பெயரை இட்டபோது, பிரெஞ்சு எழுத்துமுறையில் இல்லாத குறி என்று அங்குள்ள நீதிமன்றம் மறுத்தது. 2018 நவம்பரில் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசுத் தரப்பு முறையீட்டை நடைமுறைக் காரணம் காட்டித் தள்ளியது. ஒரு சிறு வளைகோட்டுக்காக மூன்று நீதிமன்றங்கள்.

எல்லாப் படிகளையும் ஒரு பெயரில் ஏற்றிப் பார்த்தல்

அலான் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு உடுப்பான அலேனைக் கழற்றினால் அலான் நிற்கிறது. அறுக்க முயன்றால் இரண்டு உறுப்பு கிடைப்பதில்லை. ஆகவே கூட்டுப்பெயர் அன்று. பழைய வடிவம் தேடினால் 907-இல் இறந்த பிரெத்தாஞ் ஆட்சியாளர் முதலாம் அலான் வரை பெயர் மாறாமல் போகிறது. விவிலியத்திலிருந்து வந்ததன்று. பொருள் என்ன என்பதில் இரண்டு கட்சிகள்: மான் அல்லது நரியைக் குறிக்கும் பழைய பிரெத்தோன் சொல் என்பது ஒன்று, கருங்கடலுக்கு அப்பாலிருந்து ஐரோப்பாவுக்குள் புகுந்த அலானி இனத்தாரின் பெயர் என்பது மற்றொன்று. பெயர் பரவிய வழி மட்டும் தெளிவாக இருக்கிறது. வில்லியமோடு போய் வடக்கு இங்கிலாந்தில் ரிச்மண்ட் கோட்டையை எழுப்பிய செம்முடி அலான், தன் பெயரையும் அங்கே விதைத்துவிட்டுப் போனார். இன்று உலகமெங்கும் உள்ள ஆலன்கள் அந்த விதையில் முளைத்தவர்கள்.